வெறும் கேனுக்கு வந்த பிள்ளைகள்

அஞ்சலாட்சி அக்காவுக்கு ஒருவர் மேல் கோபம் வந்தால் சீக்கிரம் போகாது. வருஷக்கணக்கில் போகாது. அவருடைய நாத்தனார் ஒருமுறை பத்துப் பேர் எதிரில், "உன் சாம்பார்ல பருப்பத் தேடணும் போல இருக்கே" என்று சொல்லிவிட்டார். பதினோரு வருடமாக அக்கா அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. அதற்காக அங்கே போகாமலும் இருந்ததில்லை. காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம் எல்லாவற்றுக்கும் முதல் ஆளாகப் போவார். மொய் வைப்பார். பந்தியில் உட்காருவார். இலை போட வந்தால் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, பையிலிருந்து தன் டிபன் பாக்ஸை எடுத்து எல்லார் நடுவிலும் திறந்து வைத்துச் சாப்பிடுவார். அதில் சாம்பார் சாதம்தான் இருக்கும்.

இதை என்னிடம் சொன்னவர் அவருடைய கணவர் ஹரிகிருஷ்ணன். பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற மனிதர், வாய் திறந்து நாலு வார்த்தை பேசினால் அதிசயம். "வுட்டுத் தள்ளுன்னா வுட மாட்டா டீச்சர்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பயமும் இருந்தது.

நான் ரெட்டியார்பாளையத்தில் ஓர் அரசு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அஞ்சலாட்சி அக்கா அதே பள்ளியில் ரொட்டிப்பால் ஊழியர். காலையில் பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சி ஊற்றுவது அவர் வேலை. எங்கள் பள்ளிக்கு ரொட்டி வருவது எப்போதோ நின்றுவிட்டது, வேலையின் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேலை நிரந்தரம் ஆகும் என்று பதினான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோபம் ஒரு தனிக் கதை.

எங்கள் பள்ளி மணிக்குப் பிள்ளைகள் நடந்துதான் வருவார்கள். அக்காவின் கரண்டிக்கு ஓடி வருவார்கள். எட்டே முக்காலுக்குப் பால் கேனைத் தூக்கி வந்து வாதாமரத்தடியில் வைப்பார். மூடியில் கரண்டியால் மூன்று தட்டு. எந்த மூலையில் இருந்தாலும் பிள்ளைகள் வந்து வரிசையில் நின்றுவிடுவார்கள். ஆனால் உடனே பால் கிடைக்காது. "கையக் காட்டு" என்பார். இரண்டு கையையும் நீட்ட வேண்டும். "பொறட்டு." புரட்ட வேண்டும். நகத்தில் அழுக்கு இருந்தால் குழாயடிக்குப் போய்த் தேய்த்துவிட்டு வரிசையின் கடைசியில் வந்து நிற்க வேண்டும். அப்பா யாராக இருந்தாலும் விலக்கு கிடையாது. கைகழுவச் சொல்லி டிவியில் எல்லாரும் பாடம் நடத்துவதற்குப் பல வருடம் முன்பே எங்கள் பிள்ளைகள் விரல் இடுக்கு வரை கழுவக் கற்றுக்கொண்டது இவரிடம்தான். நாங்கள் யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, சம்பளம் மட்டும் நாங்கள் அதிகம் வாங்கினோம்.

2020 மார்ச்சில் பள்ளியை மூடினார்கள். அன்று மிச்சமிருந்த பாலை அக்கா பிள்ளைகளுக்கு இரண்டாம் முறை ஊற்றினார். கேனைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஜூலையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. டெஸ்ட் எடுத்தார்கள், பாசிட்டிவ். ஆம்புலன்ஸ் தெருமுனையில் நிற்க, கையில் ஒரு பையோடு அவர் நடந்து போய் ஏறினார். பள்ளிக்கு அடுத்த மாடி வீடு தணிகாசலத்தினுடையது. தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், நகர் நலச் சங்கத்தின் செயலாளர். அவர் தன் பால்கனியில் நின்று அதைச் செல்போனில் வீடியோ எடுத்தார். அக்கா படி தடுக்கித் தடுமாறி, நைட்டியைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறுகிற இடம் வரை எடுத்தார். எடுத்துச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கீழே எழுதினார்: "நம் குழந்தைகளுக்குப் பால் ஊற்றிய கை இதுதான். இவர் கையால் பால் குடித்த குழந்தைகளின் பெற்றோர் எச்சரிக்கையாக இருக்கவும்."

பள்ளி மூடி நாலு மாதம் ஆகியிருந்தது. நாலு மாதத்துக்கு முன் குடித்த பாலுக்கு ஜூலையில் என்ன எச்சரிக்கை? கணக்கு வாத்தியாருக்கு இந்தக் கணக்குத் தெரியாதா? தெரியும். படிக்கிறவர்கள் கணக்குப் போட மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

அக்கா அந்த வீடியோவை ஆம்புலன்ஸிலேயே பார்த்தார். அவரும் குழுவில் இருந்தார், நீக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து மறுநாள் காலை குழுவுக்குக் குரலில் ஒரு செய்தி அனுப்பினார். மூச்சு வாங்க வாங்கப் பேசியிருந்தார். "நான் அஞ்சலாட்சி பேசறேன். மார்ச்சு மாசத்துலேர்ந்து நான் ஒரு புள்ளைக்கும் பால் ஊத்தல. எனக்கு ஜொரம் வந்தது போன வாரம். யாராவது ஒருத்தர் இத அவருக்கு எடுத்துச் சொல்லுங்க."

குழுவில் நூற்றுப் பன்னிரண்டு பேர். ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கழித்து யாரோ கபசுரக் குடிநீர் செய்முறை போட்டார்கள், அதற்கு முப்பது பேர் கும்பிடு போட்டார்கள். பள்ளி டீச்சர்கள் எங்களையும் அந்தக் குழுவில் சேர்த்திருந்தார்கள். நானும் அந்தக் குரலைக் கேட்டேன். பதில் எழுதலாம் என்று நினைத்தேன். தணிகாசலத்தோடு எதற்கு வம்பு என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். நாலு நாள் கழித்து அக்காவைக் கூப்பிட்டு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன்.

பதினாறு நாள் கழித்து அவர் திரும்பி வந்தபோது வாசலில் தகரம் அடித்திருந்தது. உள்ளே ஹரிகிருஷ்ணன் அதுவரை கம்பி ஜன்னல் வழியாகச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார். தகரத்தைக் கழற்றிய பிறகும் தெரு கழற்றவில்லை. மளிகைக் கடையில் பாக்கெட்டைத் தள்ளிவிடுவார்கள். எதிரில் வருகிற தாய்மார் பிள்ளையை அடுத்த பக்கம் இழுத்துக்கொள்வார்கள். தினம் காலையில் அவரிடம் கையை நீட்டிய பிள்ளைகளை! அந்த நாட்களில் தணிகாசலத்தின் பெயரை அவர் சொன்னதே இல்லை. "மாடி வூட்டுக்காரு" என்றுதான் சொல்வார். அதைச் சொல்லும்போது பல்லைக் கடிப்பது தெரியும்.

டிசம்பரில் மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. ஜனவரியில் எல்லா வகுப்பையும் திறக்கலாமா, பெற்றோரைக் கூட்டிக் கருத்துக் கேட்டு எழுதி அனுப்புங்கள் என்று. எங்கள் தலைமையாசிரியை ராஜாம்பாள் நல்லவர், ஆனால் யார் சத்தமாகப் பேசினாலும் அவர் பக்கம் சாய்ந்துவிடுவார். கூட்டத்துக்கு முந்தின நாள் என்னைத் தனியே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தணிகாசலம் சார் ஒரு மனு குடுக்கப் போறாராம் ஹேமலதா. ஸ்கூலைத் தொறக்கக் கூடாதுன்னு. அப்பிடியே தொறந்தாலும் அஞ்சலாட்சி பால் ஊத்தக் கூடாதாம். பேரன்ட்ஸ் கையெழுத்தெல்லாம் வாங்கிட்டாராம். கருத்தோட சேத்து மேல அனுப்பிடணும்னு சொல்றாரு. நான் என்னா பண்றது?"

நிரந்தரம் ஆகாத ஊழியர் ஒருவரைப் பற்றி அப்படி ஒரு மனு மேலே போனால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். விசாரணைகூட இருக்காது. வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். நான் அக்காவின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தை நிறுத்தவில்லை.

"தெரியும் டீச்சர். பாக்கியலட்சுமி கூட கையெழுத்து போட்டுக் குடுத்துருக்கா. அவ பொண்ணு கலைவாணி முட்டி கிழிஞ்சி ரத்தம் ஒழுகுனப்போ தூக்கினு ஓடுனது இந்தக் கைதான்."

"நான் பேசறேன் அக்கா."

"நீங்க இன்னாத்துக்குப் பேசணும்?" என்றார். அந்தக் கேள்வியில் என்ன இருந்தது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க, ஒண்ணு காட்டறேன்" என்று ஜன்னலோரம் அழைத்துப் போனார்.

அவர் வீட்டு ஜன்னலிலிருந்து தணிகாசலத்தின் பின்வாசல் தெரியும். மாலை நாலரை மணி. ஒரு பெண்பிள்ளை கையில் துணிக்கடை கட்டைப்பையோடு வந்து கதவைத் தட்டினாள். கதவு கொஞ்சமாகத் திறந்து மூடியது. பின்னாலேயே இரண்டு பேர். பிறகு நாலு பேர். பையில் காய்கறி இருப்பதுபோல மேலே முருங்கைக்காய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. ஒரே முருங்கைக்காய் கதவிடுக்கு வழியாகத் திரும்ப வெளியே வந்து, மூன்று பையில் மாறி மாறி உள்ளே போனதை அன்று நான் கண்ணால் பார்த்தேன். மேலே மாடி அறையில் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது.

"டியூசனு டீச்சர். காலைல ஒரு கூட்டம், சாயங்காலம் ஒரு கூட்டம். காலைல வர்றது முப்பதுக்கு மேல. நான் எண்ணிக்கினுதான் இருக்கேன்" என்றார் அக்கா.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிள்ளைகளைக் கூட்டினால் உயிருக்கு ஆபத்து என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர்! பள்ளி மூடியிருக்கும் வரைதான் அவர் மாடி நிறையும். நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்பது வேறு விஷயம், அது என் எரிச்சலை அதிகமாக்கியதே தவிரக் குறைக்கவில்லை. உடனே புகார் எழுதலாம் என்றேன்.

"வேணாம். புகார் குடுத்தா அதிகாரி வருவாரு, ரூமைச் சாத்துவாரு, போயிடுவாரு. என்னைத் தெருவே பாத்துச்சில்ல? அவரையும் தெருவே பாக்கணும்." ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு மீட்டிங்கு காலைலதான?"

"ஒன்பது மணிக்கு."

"அப்ப இவங்கெல்லாம் புள்ளைங்கள எங்க வுட்டுட்டு வருவாங்க?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். ஜூலைக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அது நல்ல சிரிப்பு இல்லை.

மறுநாள் அப்படியேதான் நடந்தது. பள்ளி வாசலில் நின்று நானே பார்த்தேன். பெற்றோர்கள் பிள்ளைகளைத் தணிகாசலத்தின் பின்வாசலில் விட்டுவிட்டு, தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக எங்கள் பள்ளிக்குள் வந்தார்கள், பள்ளியைத் திறக்கலாமா என்று கருத்துச் சொல்ல. வெட்கம் என்று ஒன்று இருந்தால் முகக்கவசத்துக்குள் இருந்திருக்க வேண்டும், வெளியே தெரியவில்லை.

அக்கா வகுப்பறையிலிருந்து பால் கேனை எடுத்து வந்து வாதாமரத்தடியில் வைத்தார். ஒன்பது மாதத் தூசி போகத் தேய்த்திருந்தார்.

"பால் வாங்கிட்டு வரட்டுமா அக்கா? நாலு பாக்கெட் காய்ச்சிடலாம்" என்று கேட்டேன்.

"கூடாது. பால் இருந்தா, பாலுக்கு வந்துச்சுங்க, பசிக்கு வந்துச்சுங்கன்னு பேசிடுவாங்க. வெறுங் கேனுக்கு வரட்டும்."

கூட்டம் தொடங்கியது. அறுபது பேருக்கு மேல் மரத்தடியில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். ராஜாம்பாள் அந்தத் தாளை வாசித்தார். முதலில் எழுந்தவர் ஷாஜாதி. பெரிய மார்க்கெட்டுக்குள் அவர்களுக்கு வளையல் கடை, மகள் நிதா என் வகுப்பு.

"மார்க்கெட்டு தொறந்தாச்சு, அங்க தோளோட தோளு இடிக்குது. பஸ்ஸு ஓடுது. சாராயக் கடையக்கூட தொறந்துட்டாங்க, அதுக்கு யாருகிட்ட கருத்து கேட்டாங்க? என் பொண்ணு எழுத்தெல்லாம் மறந்துட்டா டீச்சர். வூட்ல இருக்கறது ஒரு போனு, அது அவங்க அத்தா கையில கடைக்குப் போயிடுது. தொறந்துடுங்க, அவ்ளோதான்."

இரண்டு பேர் தலையாட்டினார்கள். பாக்கியலட்சுமி எழுந்தார். "மார்க்கெட்டுக்குப் போறது நாம. புள்ளைங்க அப்பிடியா? ஒண்ணு மேல ஒண்ணு வுழும். எனக்கு பயமாத்தான் இருக்குது. ஊசி வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." பயம் உண்மையான பயம்தான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். அவருடைய மாமனார் செப்டம்பரில் போய்ச் சேர்ந்தார், முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. ஆனால் அந்தப் பயத்தையும் அன்று பின்வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

பிறகு தணிகாசலம் எழுந்தார். வெள்ளைச் சட்டை, ஒரு கையில் மனு, இன்னொரு கையில் போன். வகுப்பு எடுக்கிற குரல் இன்னும் போகவில்லை.

"நான் உணர்ச்சிவசப்பட்டுப் பேச மாட்டேன். ஒரு சின்ன கணக்கு. ஒரு ரூமு. முப்பது பசங்க. ஜன்னல் பத்தாது. ஒருத்தனுக்கு இருந்தா எத்தன பேருக்கு வரும்? அவங்க வூட்ல எத்தன பெரியவங்க? முப்பது பசங்கள ஒரு ரூம்ல அடைக்கறது கொலைக்குச் சமம். நான் வாத்தியார், பொறுப்போட சொல்றேன். அடுத்தது, இங்க பால் ஊத்தற அம்மாவுக்குத் தொற்று இருந்தது உங்களுக்கே தெரியும். தனிப்பட்ட விரோதம் ஒண்ணும் இல்ல. ஆனா அந்தக் கையால நம்ம புள்ளைங்க வாங்கிக் குடிக்கணுமா? அம்பது பேரன்ட்ஸ் கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஒரு புள்ள கூட இனிமே அந்தம்மாகிட்ட போய் நிக்காது."

கைதட்டினார்கள். ராஜாம்பாள், "அப்ப வேண்டாங்கறவங்க கைய தூக்குங்க" என்றார். நாற்பது கைகளுக்கு மேல் உயர்ந்தன. ராஜாம்பாள் எண்ணத் தொடங்கினார்.

அஞ்சலாட்சி அக்கா கரண்டியை எடுத்தார். மூடியில் மூன்று தட்டுத் தட்டினார்.

ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு பக்கத்து வீட்டு மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. "பால்!" என்று ஒரு குரல். அதற்கப்புறம் மாடிப்படியில் ஒரே தடதட சத்தம். தணிகாசலத்தின் மருமகள், "ஏய், போவாதீங்க, போவாதீங்க!" என்று கத்துவது தெருவெல்லாம் கேட்டது. பின்வாசல் இல்லை, முன்வாசல் வழியாகவே வந்தார்கள். செருப்பில்லாத கால், தாடையில் தொங்கும் முகக்கவசம், காதில் பென்சில். பள்ளி கேட்டுக்குள் புகுந்து, தூக்கிய கைகளோடு உட்கார்ந்திருந்த அப்பா அம்மாக்களைத் தாண்டி ஓடி, வாதாமரத்தடியில் ஆண்பிள்ளைகள் ஒரு வரிசை, பெண்பிள்ளைகள் ஒரு வரிசையாக நின்றார்கள். டீச்சர் பழக்கத்தில் நான் எண்ணினேன். முப்பத்து நாலு பேர்.

யாரும் சொல்லவில்லை. எல்லாரும் இரண்டு கையையும் நீட்டினார்கள். பிறகு புரட்டினார்கள்.

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ராஜாம்பாள் எண்ணிக்கையை விட்டுவிட்டார். அக்கா அவசரப்படவில்லை. வரிசையில் நடந்து ஒவ்வொரு கையாகக் குனிந்து பார்த்தார். "நகம் வெட்டல நீ." "இன்னாடா இது, மையி?" "வளந்துட்டியே, அடையாளமே தெரியல." அவர் யாரையும் தொடவில்லை. அவர்கள்தான் கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டி நீட்டிக் காட்டினார்கள்.

முதலில் நின்றவள் கலைவாணி. டம்ளர் இல்லாததால் தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். கேனுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பால் இல்லியா ஆயாம்மா?"

"இல்ல கண்ணு. நான் ஊத்தக் கூடாதாம். சாரு எழுதி எடுத்துக்கினு வந்துருக்காரு. உங்கம்மாகூட கையெழுத்து போட்டுருக்காங்க."

குழந்தை திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பாக்கியலட்சுமி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்த நிமிஷம் இனித்தது. இரக்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

தணிகாசலத்துக்கு அப்போதுதான் குரல் வந்தது. "இன்னா இது நாடகம்! மேல போங்க எல்லாரும்! போய் உக்காருங்க!" என்று பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினார். கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது.

ஷாஜாதி உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டார். "எந்த மேல சார்? உங்க ரூமுக்கா? ஜன்னல் பத்துமா?"

சிரிப்பு எங்கேயோ தொடங்கி எல்லா இடத்துக்கும் போனது. தணிகாசலம் பிள்ளைகளை விரட்ட வரிசைக்குள் வந்தார். அக்கா கரண்டியோடு அவர் எதிரில் போய் நின்றார். அக்கா அவர் தோள் உயரம்கூட இல்லை.

"வரிசைல வந்துட்டீங்க சார். கையக் காட்டுங்க."

"ஏம்மா, யாருகிட்ட பேசற?"

"கையக் காட்டுங்க."

பின்னாலிருந்து ஒரு பொடிசு அக்கறையோடு சொன்னது. "பொறட்டியும் காட்டணும் சார்."

அவர் ஒரு கையில் மனு, ஒரு கையில் போன். பிள்ளைகள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள், கேலியாக இல்லை, நிஜமாகவே காத்திருந்தார்கள். "காட்டலன்னா பால் கெடயாது சார்" என்றாள் கலைவாணி.

"இந்தக் கைதான வீடியோ எடுத்துச்சு" என்று அக்கா சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் கடைசி வரிசை வரை கேட்டது. "நான் தடுமாறி வுழப் போனேன். நீங்க மேலேர்ந்து பாத்துக்கினு இருந்தீங்க. புடிக்க வேணாம் சார், நோயி. ஐயோன்னு ஒரு சத்தம் போட்டுருக்கலாம். அந்த வீடியோவ நான் நூறு தடவ கேட்டுட்டேன். அதுல உங்க சத்தமே இல்ல."

தணிகாசலம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டு போனார். அப்படியே திரும்பி, அறுபது பேர் நடுவில், கையைப் பின்னால் வைத்தபடியே வாசலை நோக்கி நடந்தார். மனு பின்பக்கம் தெரிந்தது. பாக்கியலட்சுமி எழுந்து ஓடிப்போய் அதை அவர் விரலிலிருந்து உருவினார். என்னிடம் பேனா கேட்டு, தன் பெயரை அழுத்தி அழுத்தி அடித்தார். பிறகு பேனா கை மாறிக்கொண்டே போனது.

மறுபடி கருத்துக் கேட்டோம். திறக்கலாம் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் கொலைக்குச் சமம் என்றதற்குக் கைதட்டிய அதே ஆட்கள். பெற்றோர் கருத்து என்று தாளில் எழுதி, முத்திரை குத்தி மேலே அனுப்பினோம்.

ஜனவரியில் பள்ளி திறந்தது. கொஞ்ச நாளில் பாலும் வந்தது. அக்காவின் வீட்டிலிருந்து பள்ளிக்குப் பின் சந்து வழியாக வந்தால் இரண்டு நிமிடம். அவர் முன்தெரு வழியாகத்தான் வருகிறார். தணிகாசலத்தின் பால்கனிக்குக் கீழே வந்ததும் கரண்டியால் வாசல் கேட்டில் ஒரு தட்டு. மேலே ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்கும் வரை அங்கேயே நிற்பார். கேட்ட பிறகுதான் நகர்வார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது, ராஜாம்பாளிடமும் மற்ற டீச்சர்களிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

பால் வந்த முதல் நாள், பிள்ளைகள் எல்லாரும் குடித்து முடித்த பிறகு நான் டம்ளரோடு போனேன். டீச்சர்களுக்கு மிச்சத்தில் ஒரு டம்ளர் ஊற்றுவது அவர் வழக்கம்.

"மனசு ஆறிடுச்சா அக்கா?" என்றேன்.

"ஆறல டீச்சர். அந்த வீடியோ இன்னும் யாரு யாரு போன்லயோ கெடக்கு." கரண்டியைக் கேனுக்குள் விட்டார், ஆனால் மொள்ளவில்லை. "கையக் காட்டுங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்து போனை எடுத்து என் முன்னால் நீட்டினார். ஜூலை மாதம் அவர் அனுப்பிய அந்தக் குரல் செய்தி. அதை யார் யார் கேட்டார்கள், எத்தனை மணிக்குக் கேட்டார்கள் என்ற பட்டியல். அனுப்பியவருக்கு அது தெரியும் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. விரலால் தள்ளித் தள்ளி ஓர் இடத்தில் நிறுத்தினார். என் பெயர். காலை ஒன்பது பத்து.

"அனுப்புன ரெண்டாவது நிமிசமே கேட்டுட்டீங்க. நீங்கதான் மொத ஆளு" என்றார்.

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினேன். பிறகு புரட்டினேன். அவர் குனிந்து, பிள்ளைகளின் கையைப் பார்ப்பதுபோலவே நிதானமாகப் பார்த்தார்.

"சாக்பீஸ் தூளு இருக்கு. கழுவிட்டு வாங்க."

குழாயடிக்குப் போய் விரல் இடுக்கு வரை தேய்த்துக் கழுவினேன். திரும்பி வந்தபோது அவர் கேனைக் கவிழ்த்து வைத்திருந்தார்.